க்ரீம், லோஷன் விற்பனைக்குப் போகுமுன்: திரியாமல் தாங்குமா, சொன்ன வேலையைச் செய்யுமா என்று சோதிக்கும் முறை

புதிதாக லோஷன் செய்பவர்கள் பெரும்பாலும் தலைகீழாகத்தான் தொடங்குகிறார்கள். செய்த வாரமே தெரிந்தவர்கள் கையில் கொடுத்து, "எப்படி இருக்கு?" என்று கேட்கிறார்கள். கிருமிச் சோதனையின் நினைவு யாராவது ரிப்போர்ட் கேட்கும்போதுதான் வருகிறது. சரியான வரிசை வேறு. சில மணி நேரத்தில் முடிகிற, செலவில்லாத சோதனைகள் முதலில் வரவேண்டும். பிறகு வெப்பத்தில் தாங்குகிறதா, கிருமி சேராமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பின் தோலுக்கு ஒத்துக்கொள்கிறதா என்ற சோதனை. பலனைச் சோதிப்பது எல்லாவற்றுக்கும் கடைசி. திரிந்துபோகிற லோஷனின் பலனை அளப்பது வீண். கிருமி சேர்ந்த லோஷனை ஒருவர் தோலில் தடவச் சொல்வது தவறு.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே உதாரணம்தான்: தண்ணீரில் எண்ணெய் கலந்த வகை உடல் லோஷன். 100 கிராமுக்கு அளவு: தண்ணீர் 70.8, கிளிசரின் 5, நியாசினமைடு (பலனுக்காகச் சேர்க்கும் வைட்டமின் பி3 வகை) 3, சாந்தன் கம் (கெட்டியாக்கும் பசை) 0.3, டைசோடியம் ஈடிடிஏ 0.1, தேங்காய் எண்ணெய் 8, நல்லெண்ணெய் 4, எமல்சிஃபையிங் வாக்ஸ் (எண்ணெயையும் தண்ணீரையும் பிணைக்கும் எமல்சிஃபையர்) 5, சீட்டைல் ஆல்கஹால் (கெட்டித்தன்மை தரும் மெழுகு போன்றது) 2, வைட்டமின் ஈ 0.5, ஃபினாக்ஸி எத்தனால் கலந்த பிரிசர்வேட்டிவ் (கிருமி வளராமல் தடுப்பது) 1, வாசனை 0.3.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

0.01 கிராம் காட்டும் தராசு, பிஹெச் (அமில, காரத் தன்மை) மீட்டர், அதைச் சரிபார்க்க பிஹெச் 4, 7 என்று நிலையாக நிற்கும் பஃபர் கரைசல்கள், 400 மடங்கு பெரிதாக்கும் சாதாரண மைக்ராஸ்கோப், 40 மற்றும் 45 டிகிரியில் நிற்கும் இரண்டு இன்குபேட்டர்கள், ஒரு ஃப்ரிட்ஜ். சென்ட்ரிஃப்யூஜை (வேகமாகச் சுழற்றிப் பிரித்துப் பார்க்கும் இயந்திரம்) விலைக்கு வாங்க வேண்டியதில்லை. பக்கத்துக் கல்லூரியிலோ ரத்தப் பரிசோதனை நிலையத்திலோ அரை மணி நேரம் கேட்டு வாங்கலாம்.

இன்குபேட்டருக்குள் அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் பதிந்து வைக்கும் தெர்மாமீட்டர் கட்டாயம் வேண்டும். இரவில் நாலு மணி நேரம் கரண்ட் போனால் காலையில் அதற்கான தடயமே இருக்காது. 45 டிகிரியில் 12 வாரம் என்று நோட்டில் எழுதியிருப்போம், உள்ளே பாதி நாள் 35தான் இருந்திருக்கும்.

பிஹெச் தாளை நம்ப வேண்டாம். 5.2க்கும் 5.8க்கும் உள்ள வித்தியாசம் அதில் தெரியாது. நமக்கு வேண்டியதே அந்த வித்தியாசம்தான்.

2. எவ்வளவு செய்வது, எப்படி நிரப்புவது

200 கிராம் செய்து சோதனையைத் தொடங்குவதுதான் எல்லோரும் செய்யும் முதல் பிழை. கணக்கு இப்படிப் போகும்: நான்கு வெப்பநிலை, ஐந்து தவணை (எடுத்து அளக்கும் நாள்), ஆக 20 பாட்டில், 30 கிராம் வீதம் 600 கிராம். வெளிச்சம், சூடு-குளிர் சுழற்சி, சென்ட்ரிஃப்யூஜ் எல்லாம் சேர்த்து 200. கிருமிச் சோதனைக்கு லேபுக்கு 250. பலன் சோதனைக்கு 20 பேருக்கு 50 கிராம் வீதம் 1 கிலோ. குறைந்தது இரண்டேகால் கிலோவாவது ஒரே பேட்சில் வேண்டும். பாதியில் தீர்ந்து புது பேட்ச் செய்தால் இரண்டு பேட்சின் முடிவும் கலந்துபோகும்.

ஒவ்வொரு தவணைக்கும் தனிப் பாட்டில் வைப்பதற்குக் காரணம் உண்டு. ஒரே பாட்டிலை வாராவாரம் திறந்து எடுத்தால் தண்ணீர் ஆவியாகும், கை பட்டுக் கிருமியும் சேரும். கடைசியில் கெட்டது லோஷனா, நம் கையாளலா என்று பிரிக்க முடியாது.

லோஷன் 40 டிகிரிக்குக் கீழே ஆறிய பிறகுதான் நிரப்ப வேண்டும். சூடாக நிரப்பி மூடினால் மூடியின் உள்பக்கம் நீராவி முத்து முத்தாகப் படியும். அந்தத் துளியில் பிரிசர்வேட்டிவ் இருக்காது. பூஞ்சை முதலில் பிடிக்கிற இடம் அதுதான்.

பாட்டிலின் ஐந்தில் நாலு பங்கு மட்டும் நிரப்பி, மூடியோடு எடை போட்டு, பேட்ச் எண், தேதி, வெப்பநிலை, தவணை எழுதி ஒட்டுங்கள். பாதிப் பாட்டில்கள் கண்ணாடியிலும், பாதி நீங்கள் விற்கப்போகும் டப்பாவிலும் இருக்கட்டும். கண்ணாடியில் நன்றாக இருந்து பிளாஸ்டிக்கில் மட்டும் கெட்டால் குற்றம் லோஷனில் இல்லை, டப்பாவில்.

3. முதல் நாள்: சீக்கிரம் கழித்துக்கட்டும் சோதனைகள்

லோஷன் செய்து 24 மணி நேரம் அறை வெப்பத்தில் விட்ட பிறகுதான் எதையும் அளக்க வேண்டும். சீட்டைல் ஆல்கஹால் உள்ளே வலைபோலக் கட்டிக்கொள்ள நேரம் பிடிக்கும். அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டில் அளந்த கெட்டித்தன்மை மறுநாள் பொய்யாகிவிடும்.

முதலில், எது எதற்குள் இருக்கிறது என்று பாருங்கள். ஒரு சொட்டு லோஷனைத் தண்ணீரில் விட்டால் பால்போலக் கலந்து விரிய வேண்டும். உருண்டையாகத் தனியே நின்றால் எமல்ஷன் (எண்ணெயும் தண்ணீரும் பிணைந்த கலவை) புரண்டு, எண்ணெய்க்குள் தண்ணீர் இருக்கும் வகையாகிவிட்டது.

அடுத்து மைக்ராஸ்கோப். துளி லோஷனைத் தண்ணீரும் கிளிசரினும் கலந்ததில் நீர்க்கச் செய்து 400 மடங்கில் பாருங்கள். நல்ல ஹோமோஜினைசர் (துளிகளைப் பொடியாக்கிக் கலக்கும் இயந்திரம்) போட்டிருந்தால் எண்ணெய்த் துளிகள் பெரும்பாலும் 1 முதல் 5 மைக்ரானுக்குள், ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். கைமிக்ஸியில் அடித்ததில் சின்னதும் பெரியதும் கலந்து கிடக்கும். துளி மேலே மிதக்கும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: விட்டம் இரு மடங்கானால் வேகம் நான்கு மடங்கு. அங்கங்கே தெரியும் நாலைந்து பெரிய துளிகளை அலட்சியம் செய்யக் கூடாது என்பது இதனால்தான். ஃபோன் கேமராவை மேலே வைத்து ஒரு படம் எடுத்து வையுங்கள். 12 வாரம் கழித்து ஒப்பிட உங்கள் ஞாபகம் உதவாது, படம் உதவும்.

மூன்றாவது சென்ட்ரிஃப்யூஜ்: நிமிடத்துக்கு 3000 சுற்று வீதம் 30 நிமிடம். சுற்று எண்ணிக்கையை மட்டும் குறித்தால் போதாது, ரோட்டரின் (குழாய்களை வைத்துச் சுழலும் பகுதி) ஆரமும் வேண்டும். 10 சென்டிமீட்டர் ஆரத்தில் 3000 சுற்று என்பது புவியீர்ப்பைப்போல் சுமார் 1000 மடங்கு. சின்ன இயந்திரத்தில் அது கணிசமாகக் குறையும். எதிரெதிர்க் குழாய்களில் எடை சமமாக இருக்கட்டும்.

மேலே வெள்ளையாகக் கெட்டி அடுக்கு கட்டி, குலுக்கினால் மறுபடி கலந்தால் துளிகள் மிதந்து ஏறியிருக்கின்றன, இன்னும் உடையவில்லை. மேலே தெளிந்த எண்ணெய் நின்றால் திரிந்துவிட்டது. 12 வாரம் காத்திருக்க வேண்டாம், ஃபார்முலாவுக்குத் திரும்புங்கள். இதில் தேறியதால் லோஷன் தாங்கும் என்று ஆகாது. தோற்றால் தாங்காது என்பது மட்டும் உறுதி.

4. பன்னிரண்டு வாரம்

4, 30, 40, 45 டிகிரி. தவணை 1, 2, 4, 8, 12வது வாரம். 4 டிகிரிப் பாட்டில்தான் ஒப்பிட்டுப் பார்க்கும் சாட்சி. பெரும்பாலும் அது மாறாமல் இருக்கும் என்பதால் நிறத்தையும் வாசனையையும் அதோடு வைத்துப் பாருங்கள். நம் உதாரணத்தில் ஒரு சிக்கல் உண்டு. தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறையும். ஃப்ரிட்ஜில் லோஷன் இறுகி, லேசாக மணல்போலத் தட்டுப்படலாம். அறை வெப்பத்துக்கு வந்ததும் மறைந்தால் பிழையில்லை, மறையாவிட்டால் குறித்துக்கொள்ளுங்கள்.

அறை வெப்பம் என்று பாடப்புத்தகங்கள் 25 டிகிரி சொல்லும். மதுரையிலும் திருச்சியிலும் அலமாரிக்குள் 30 சாதாரணம், சித்திரையில் அதற்கும் மேலே. ஆகவே 30 வைப்பதே நியாயம்.

சிலர் அவசரத்துக்கு 55, 60 டிகிரியில் வைத்துவிட்டு, உடைந்ததும் ஃபார்முலாவையே மாற்றுகிறார்கள். அந்த வெப்பத்தில் சீட்டைல் ஆல்கஹாலும் வாக்ஸும் கட்டிய வலையே உருகிவிடும். கடையில் ஒருபோதும் நடக்காத வகையில் கெடுகிற பொருளிடமிருந்து கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை.

40 டிகிரியில் மூன்று மாதம் தாங்கினால் பாடப்புத்தகம் சொல்லும் அறை வெப்பத்தில் ஓர் ஆண்டு தாங்கும் என்பது தொழிலில் புழங்கும் தோராயக் கணக்கு. 10 டிகிரி ஏறினால் வேதிவினை ஏறக்குறைய இரு மடங்கு வேகமாகும் என்பதிலிருந்து வந்தது அது. எண்ணெய் காறுவதற்கும் நிறம் மாறுவதற்கும் ஓரளவு பொருந்தும், துளிகள் சேர்வதற்குச் சரியாகப் பொருந்தாது. அதனால் 30 டிகிரிப் பாட்டில்களில் சிலவற்றை 12 வாரத்தோடு தூக்கிப் போடாமல், லேபிளில் எழுதப்போகும் காலம் முழுவதும் வைத்திருங்கள்.

இதோடு சுழற்சி ஒன்று: 24 மணி நேரம் 4 டிகிரி, 24 மணி நேரம் 45 டிகிரி, இப்படி ஆறு முறை. பார்சல் லாரியில் பகலும் இரவும் மாறி மாறிப் படும் பாடு இதுதான். குளிர்நாட்டுக்கு அனுப்புவதாக இருந்தால் -10 டிகிரியில் உறையவைத்து அறை வெப்பத்தில் இளக்கும் சுழற்சியும் மூன்று முறை தேவை. உறையும் தண்ணீரின் படிகம் எண்ணெய்த் துளியைச் சுற்றியுள்ள படலத்தைக் கிழிக்கும். வெப்பத்தில் தெரியாத பலவீனம் அங்கே தெரிந்துவிடும்.

ஜன்னலோரம் இரண்டு பாட்டில், ஒன்றுக்கு அலுமினியத் தாள் சுற்றியது. வெளிச்சத்தால் நிறம் மாறியதா, வெப்பத்தாலா என்று பிரித்துச் சொல்ல அந்தச் சுற்றிய பாட்டில்தான் வேண்டும்.

5. ஒவ்வொரு தவணையிலும் அளப்பவை

பாட்டிலை வெளியே எடுத்துச் சில மணி நேரம் அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். 45 டிகிரிச் சூட்டோடு அளந்தால் எல்லா லோஷனும் நீர்த்ததாகத்தான் தெரியும்.

நிறம், வாசனை, மேலே எண்ணெயோ அடியில் தண்ணீரோ நிற்கிறதா, மூடியின் உள்பக்கம், எடை. வாசனையை வேறொருவரும் முகரட்டும். தினம் முகர்பவரின் மூக்கு பழகிப்போயிருக்கும்.

பிஹெச் அளக்க 1 கிராம் லோஷனை 9 கிராம் காய்ச்சி வடித்த நீரில் கலந்து அளக்கலாம். முதல் நாள் எந்த முறையோ கடைசி நாளும் அதே முறை. நியாசினமைடு இருப்பதால் 5.5க்கும் 6.5க்கும் இடையே வையுங்கள். அமிலம் மிகுந்தாலும் காரம் மிகுந்தாலும் அது நிக்கோடினிக் அமிலமாக உடையும். அந்த அமிலம்தான் சிலர் முகத்தைச் சிவக்க வைக்கிறது. 0.5க்கு மேல் நகர்ந்தால் காரணம் தேட வேண்டும்.

கெட்டித்தன்மைக்கு விஸ்காமீட்டர் இருந்தால் ஸ்பிண்டில் (லோஷனுக்குள் சுழலும் தண்டு), வேகம், எத்தனை விநாடி கழித்து எண்ணை வாசித்தோம் என எல்லாவற்றையும் குறியுங்கள். இல்லாதவர்களுக்கு வழி உண்டு. இரண்டு கண்ணாடித் தகடு எடுத்து, கீழ்த் தகட்டின் நடுவில் 1 கிராம் லோஷன் வையுங்கள். மேலே 125 கிராம் எடையுள்ள தகடு. ஒரு நிமிடம் கழித்து விரிந்த வட்டத்தின் விட்டத்தை ஸ்கேலால் அளங்கள். மூன்று முறை அளந்து சராசரி. ஆய்வுக்கூடங்களிலும் இந்த முறை உண்டு. விட்டம் வாராவாரம் கூடிக்கொண்டே போனால் லோஷன் நீர்த்துக்கொண்டு போகிறது.

6. கெட்டால், எதனால் கெட்டது

மேலே தெளிந்த எண்ணெய்: எமல்சிஃபையர் போதவில்லை, அல்லது எண்ணெய்க்குப் பொருந்தவில்லை. அதற்கு முன் செய்முறையைச் சந்தேகப்படுங்கள். எண்ணெய்க் கலவை 75 டிகிரியிலும் தண்ணீர் 50லும் இருக்கும்போது ஊற்றினால் வாக்ஸ் தண்ணீரைத் தொட்டதும் உறைந்து திட்டாகும். இரண்டும் 70-75 டிகிரியில் இருக்கும்போதுதான் சேர்க்க வேண்டும்.

அடியில் தண்ணீர், மேலே கெட்டி: துளி பெரிது, அல்லது தண்ணீர்ப் பகுதிக்குக் கெட்டித்தன்மை போதவில்லை. எமல்சிஃபையரைக் கூட்டுவதைவிட அடிக்கும் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள்.

மணல்போல் தட்டுப்படுதல்: சீட்டைல் ஆல்கஹாலோ ஷியா வெண்ணெயோ மெதுவாக ஆறிப் படிகமாகியிருக்கும். ஆறும் வரை கிளறிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் தீரும்.

நாலாவது வாரத்தில் திடீரென நீர்த்துப்போதல்: இதை வெப்பத்தின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். 30 டிகிரிப் பாட்டிலும் நீர்த்திருந்தால் கிருமிச் சந்தேகம் வர வேண்டும். சாந்தன் கம்மைத் தின்று வளரும் கிருமிகள் உண்டு. சாந்தன் கம்முக்குப் பதில் கார்போமர் (இன்னொரு கெட்டியாக்கும் பொருள்) போட்ட ஃபார்முலா என்றால் உப்புச்சத்துள்ள ஏதோ ஒன்று சேர்த்திருப்பீர்கள், சோடியம் லாக்டேட் அல்லது கற்றாழைச் சாறு மாதிரி.

மஞ்சளாதல்: வாசனையில் வெனிலின் இருந்தால் பழுப்பு ஏறும். இல்லையென்றால் எண்ணெய் ஆக்ஸிஜனேற்றம். சிக்கு வாடையும் சேர்ந்து வந்தால் வேறு விளக்கமே வேண்டாம். இரும்புத் துணுக்கு இருந்தால் இது வேகமாகும்; ஈடிடிஏ அதற்காகத்தான் போடப்பட்டிருக்கிறது.

7. கிருமிச் சோதனை: இரண்டு வேறு சோதனைகள்

12 வாரக் கெடு ஓடும்போதே இதைத் தொடங்கலாம்.

முதலாவது, இப்போது லோஷனில் எவ்வளவு கிருமி இருக்கிறது என்ற எண்ணிக்கை. சரும க்ரீமுக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 6608, கிராமுக்கு 1000க்கு மிகாமல் இருக்க வேண்டும் என்கிறது. சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 17516லும் பொதுவான வரம்பு அதுவே. குழந்தைகளுக்கும் கண்ணைச் சுற்றித் தடவுவதற்கும் 100.

இரண்டாவது, வாங்கியவர் தினமும் விரலை விட்டு எடுக்கும்போது உள்ளே போகும் கிருமியை லோஷன் கொல்கிறதா என்ற சோதனை. முதல் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு இரண்டாவது தேவையில்லை என்று நினைப்பவர்கள் ஏராளம். அடுப்பிலிருந்து இறக்கிய லோஷனில் கிருமி இல்லாதது பெரிய விஷயமில்லை, அது 75 டிகிரியில் இருந்தது.

இந்த இரண்டாவது சோதனைக்கு ஐஎஸ்ஓ 11930 முறை உண்டு. சூடோமோனாஸ், ஸ்டஃபைலோகாக்கஸ், ஈ.கோலை, கேண்டிடா, ஆஸ்பர்ஜில்லஸ் என ஐந்து கிருமிகளைத் தனித்தனியே லோஷனில் கலந்து 7, 14, 28வது நாளில் எண்ணுவார்கள். கடுமையான அளவுகோலின்படி பாக்டீரியா ஏழு நாளில் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்து, பின்னர் ஏறாமல் இருக்க வேண்டும். இவை நோய்க்கிருமிகள் என்பதால் வீட்டிலோ பட்டறையிலோ செய்யவே கூடாது. என்ஏபிஎல் (ஆய்வுக்கூடங்களுக்கான தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற லேபுக்கு அனுப்பி ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த லோஷனுக்கு நியூட்ரலைசர் சரிபார்த்தீங்களா?" எண்ணும்போது பிரிசர்வேட்டிவை முறிக்கும் பொருள்தான் நியூட்ரலைசர். கிருமியை வளர்த்து எண்ணும் தட்டில் ஊற்றும் லோஷனோடு பிரிசர்வேட்டிவும் போய் அங்கேயே வளர்ச்சியைத் தடுத்தால், கிருமி இருந்தும் பூஜ்யம் என்று ரிப்போர்ட் வரும்.

ஃபினாக்ஸி எத்தனாலுக்கு வரம்பு 1%. "இயற்கை" என்று போடுவதற்காக அதை எடுத்துவிட்டுச் சோடியம் பென்சோவேட் சேர்ப்பது அடிக்கடி நடக்கிறது. அதிலிருந்து வரும் பென்சோயிக் அமிலம் அயனிகளாகப் பிரியாத வடிவில்தான் கிருமியைக் கொல்லும். பிஹெச் 5ல் அது சுமார் 14%, பிஹெச் 6ல் 2 சதவீதத்துக்கும் குறைவு. நம் லோஷன் நியாசினமைடுக்காக 6ஐ ஒட்டி நிற்கிறது. அங்கே பென்சோவேட் போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான். வைட்டமின் ஈ எண்ணெய் காறாமல் காக்கும். கிருமியை அது ஒன்றும் செய்யாது.

8. தோலுக்கு ஒத்துக்கொள்கிறதா

கிருமி ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகே இது. தோல் மருத்துவர் மேற்பார்வையில், எழுத்துமூலம் சம்மதம் வாங்கி, லோஷன் தடவிய ஒட்டுத்துண்டைத் தோலில் ஒட்டி எடுத்த பின் சிவப்பு, தடிப்பு, அரிப்பு பார்ப்பார்கள். இந்தியத் தர ஆவணம் ஐஎஸ் 4011. முழங்கையின் உள்பக்கம் தடவிப் பார்ப்பது உங்கள் சொந்த நிம்மதிக்கு, ரிப்போர்ட்டாகாது. விலங்குகள் மீது சோதிப்பது இந்தியாவில் 2014 முதல் தடை.

9. பலனை அளப்பது

"மிருதுவாக்கும்" என்பதை அளக்க முடியாது. "24 மணி நேரம் கழித்தும் தடவாத இடத்தைவிட ஈரம் கூடுதலாக இருக்கிறது" என்பதை அளக்கலாம். எதைச் சொல்லப்போகிறீர்கள் என்று முதலில் ஒரு வரி எழுதிவிட்டு அதற்கேற்பச் சோதனையை அமையுங்கள்.

கருவிகள் இரண்டு: தோலின் மேலடுக்கு ஈரத்தைக் காட்டும் கார்னியோமீட்டர், தோல் வழியே ஆவியாகும் நீரைச் சதுர மீட்டருக்கு மணிக்கு இத்தனை கிராம் என்று காட்டும் டிவாமீட்டர். சொந்தமாக வாங்குவது சிறு தொழிலுக்குக் கட்டாது. சோதனை நிலையங்களில் செய்து வாங்குங்கள். ஆனால் அமைப்பைப் புரிந்து வைத்தால்தான் கிடைக்கும் ரிப்போர்ட்டைப் படிக்க முடியும்.

20 பேர், வறண்ட தோல் உள்ளவர்களாகப் பார்த்து. ஐப்பசி மழையில் சென்னையில் எண்ணெய்ப் பசைத் தோலுக்காரர்களை வைத்துச் செய்தால் தடவாத கையே ஈரமாகத்தான் இருக்கும், வித்தியாசம் வராது. மூன்று நாள் முன்பிருந்தே எந்த லோஷனும் எண்ணெயும் கூடாது. அளக்கும் அறை 20-22 டிகிரி, ஈரப்பதம் 40-60%. வந்தவர்கள் அரை மணி நேரம் உட்கார வேண்டும். மாடி ஏறி வந்தவுடன் அளந்தால் வியர்வையைத்தான் அளப்போம். வருவதற்கு முன் இரண்டு மணி நேரம் சூடான காபி, டீ வேண்டாம்.

முன்கையின் உள்பக்கம் 4க்கு 4 சென்டிமீட்டரில் மூன்று கட்டம்: ஒன்றில் எதுவும் இல்லை, ஒன்றில் நியாசினமைடு இல்லாத அதே லோஷன், ஒன்றில் முழு லோஷன். எந்தக் கட்டத்தில் எது என்பது ஆளுக்கு ஆள் சீட்டுக் குலுக்கி மாற வேண்டும், ஏனென்றால் மணிக்கட்டருகே உள்ள தோலும் முழங்கையருகே உள்ளதும் ஒன்றல்ல. சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம், அதாவது கட்டத்துக்கு 32 மில்லிகிராம். கண்ணளவில் தடவினால் பல மடங்கு போய்விடும், பலனும் பொய்யாகக் கூடும். ஊசியில்லாத 1 மில்லி சிரிஞ்சால் வைத்து விரலுறையால் தேய்க்கலாம்.

நியாசினமைடு இல்லாத லோஷன் தடவும் கட்டத்தை விட்டுவிடுபவர்கள் அதிகம். அது இல்லாமல் வரும் வித்தியாசம் கிளிசரினுடையதா, நியாசினமைடுடையதா என்று யாராலும் சொல்ல முடியாது.

தடவுமுன், 1, 4, 8, 24 மணி நேரத்தில் அளங்கள். தடவிய பத்தாவது நிமிடம் அளந்தால் கருவி காட்டுவது லோஷனில் உள்ள தண்ணீரைத்தான். ஒவ்வொரு கட்டத்திலும் முதலில் ஆவியாகும் நீர், பிறகு ஈரம். மூன்று அளவின் சராசரி. ஒவ்வொருவரின் தடவாத கட்டத்தோடும் அவருடைய தடவிய கட்டத்தை ஒப்பிடும் ஜோடிக் கணக்குப் போடுங்கள். மொத்தச் சராசரி ஏறியது என்பதற்காக மகிழ வேண்டாம். அறையின் ஈரப்பதம் கூடினாலும் ஏறும்.

நியாசினமைடு தோலின் தடுப்பை வலுப்படுத்த வாரக்கணக்காகும். தினம் இருவேளை, குறைந்தது நான்கு வாரம். பயன்படுத்துபவர்களின் கருத்தும் வேண்டுமென்றால் மூன்றிலக்கக் குறியீடு மட்டும் ஒட்டிய பாட்டில்களைக் கொடுங்கள். நிரப்பியவர் வேறு, கேள்வி கேட்பவர் வேறாக இருக்கட்டும். உறவினர்களிடம் கேட்டால் நல்ல பதில்தான் வரும்.

வசதியிருந்தால் புது லோஷனோடு 40 டிகிரியில் 12 வாரம் இருந்த லோஷனில் நியாசினமைடு எவ்வளவு மிச்சம் என்றும் லேபில் அளக்கச் சொல்லுங்கள். வாங்குபவர் தடவப்போவது ஆறு மாதப் பழைய லோஷனைத்தான்.

10. லேபிளில் எழுதக்கூடியது

அளந்ததை மட்டும். எக்ஸிமா குணமாகும், படை நீங்கும் என்று எழுதினால் பொருள் அழகுசாதனப் பட்டியலிலிருந்து மருந்துப் பட்டியலுக்குப் போய்விடும். எஸ்பிஎஃப் (வெயில் காப்பு அளவு) எண்ணை எண்ணெய்களின் பெயரை வைத்துக் கணக்கிட முடியாது. அதற்கான சோதனையைச் செய்யாமல் போடக் கூடாது. விற்பனைக்குத் தயாரிக்க 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் லைசென்ஸ் வேண்டும். வீட்டில் செய்ததென்பது விலக்கல்ல.

11. எதை மாற்றினால் எதைத் திரும்பச் செய்வது

வாசனை மாறினால்: சென்ட்ரிஃப்யூஜ், 4 வாரம் 45 டிகிரி, வெளிச்சம், தோல் சோதனை. 0.3% தானே என்று விட வேண்டாம், ஒவ்வாமையில் வாசனைக்குப் பெரிய பங்கு உண்டு.

எண்ணெயோ எமல்சிஃபையரோ மாறினால்: 12 வாரமும் முழுதாக. எமல்சிஃபையர் மாறினால் பிரிசர்வேட்டிவ் சோதனையும், ஏனென்றால் பாலிசார்பேட் வகை எமல்சிஃபையர்கள் சில பிரிசர்வேட்டிவ்களைப் பிடித்து வைத்துச் செயலிழக்கச் செய்யும்.

டப்பா மாறினால்: எடை இழப்பு, கசிவு, நிறம், வாசனை. வாய் அகன்ற டப்பாவிலிருந்து பம்புக்குப் போனால் கிருமி அபாயம் குறையும். பம்பிலிருந்து டப்பாவுக்கு வந்தால் பிரிசர்வேட்டிவ் சோதனை மறுபடி.

5 கிலோவிலிருந்து 50 கிலோவுக்குப் போனால்: ஃபார்முலா அதேதான் என்றாலும் பெரிய பாத்திரம் மெதுவாக ஆறும், அடிக்கும் விசையும் வேறு. மைக்ராஸ்கோப்பில் முதல் நாள் படத்தோடு ஒப்பிட்டுவிட்டு, புது பேட்சின் பாட்டில்களை மறுபடி இன்குபேட்டருக்குள் வையுங்கள்.